மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் ஒரு கேள்வி: கிழக்கில் உளவளத்துணை கற்பிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கும் வளவாளர்களுக்கும்,

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் நடக்கும் உளவளத்துணை (கவுன்சலிங்) பயிற்சிகளில் மூளைக்கு என்று ஒரு நாள் இருக்கும். ஒரு டொக்டர் வருவார். மூளையின் குறுக்குவெட்டுப் படம் திரையில் விழும். அமிக்டலா என்ற சின்ன இடம் சிவப்பாக ஒளிரும். ‘இதுதான் பயத்தின் மையம்’ என்பார், எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொள்வார்கள். மனதின் ஆழத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய பிராய்டுக்கு வேறொரு நாள். இட், ஈகோ, சுப்பர் ஈகோ என்று மனதின் மூன்று பகுதிகள், கடலில் மிதக்கும் பனிப்பாறைப் படம், குழந்தைப் பருவத்தின் படிகள், பரீட்சைக்கு இரண்டு கேள்வி. இந்த இரண்டு நாட்களும் ஒன்றோடொன்று கதைப்பதே இல்லை. அப்புறம் மூச்சுப் பயிற்சி, சான்றிதழ், குழுப்படம். பிள்ளைகள் களத்துக்குப் போய்விடுகிறார்கள்.

அந்த இரண்டு நாட்களையும் ஒன்றாக்குங்கள், ஒரே வகுப்பறையில் ஒரே ஆளின் கதையை நடுவில் வைத்து இரண்டையும் கற்பியுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். நான் இந்தப் பக்கத்தில் உளவளத்துணை வேலை செய்கிற ஒருத்தி. அறிவு ஆசையால் மட்டும் கேட்கவில்லை. நம்மிடம் வருகிறவர்களில் பலருக்கு இருப்பது ஓர் உணர்ச்சி, நாம் வைத்தியம் பார்ப்பது வேறோர் உணர்ச்சிக்கு. இதுதான் என் முறைப்பாடு.

யார் வருகிறார்கள் என்று பாருங்கள். ‘யோசினை கூடிப்போச்சு, நெஞ்சு அடைக்குது, ராவில நித்திரை இல்ல’ என்று வருகிறார்கள். படிவத்தில் சுனாமி, யுத்தம், வீட்டு வன்முறை என்று கட்டங்கள் இருக்கின்றன. ஒரு கட்டத்தில் அடையாளம் போட்டதும் அது ‘ட்ரோமா’, அதாவது மனக்காயம், ஆகிவிடுகிறது. ட்ரோமா என்றால் பயம், பயம் என்றால் அமிக்டலா, அமிக்டலா என்றால் மூச்சை மெதுவாக இழுத்து விட வேண்டும். ஒவ்வொரு படியும் கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் படியிலேயே கேட்கவேண்டிய ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது: இந்த ஆளுக்கு இப்போது இருப்பது எந்த உணர்ச்சி?

எஸ்தோனியாவில் பிறந்து அமெரிக்காவில் வேலை செய்த யாக் பாங்க்செப் என்ற நரம்பியலாளர் இந்தக் கேள்விக்குப் பின்னால் தன் ஆயுளையே செலவழித்தவர். 2017இல் காலமானார். பாலூட்டிகளின் மூளையில், மேற்புறணிக்கு வெகு கீழே, ஏழு அடிப்படை உணர்ச்சி அமைப்புகள் இருக்கின்றன என்று 1998இல் வெளிவந்த தன் பெரிய நூலில் விரிவாக எழுதினார். தேடல், சினம், பயம், காமம், பராமரிப்பு, பிரிவுத் துயரம், விளையாட்டு. இவற்றில் பயமும் பிரிவுத் துயரமும் தனித்தனி என்பதுதான் எனக்குப் பெரிய விடயமாகப் படுகிறது. தடங்கள் வேறு, இரசாயனங்கள் வேறு, உடம்பு செய்வதும் வேறு. பயந்த விலங்கு உறையும், அல்லது ஓடும். தாயைப் பிரிந்த குட்டி கத்தும், தேடும், கடைசியில் ஓய்ந்து சுருண்டுவிடும். நாய்க்குட்டி, கினிப் பன்றிக் குட்டி, கோழிக்குஞ்சு ஆகியவற்றில் பாங்க்செப்பும் அவரோடு சேர்ந்தவர்களும் செய்த சோதனைகளில், மிகக் குறைந்த அளவு ஒபியொயிட் (மோர்பின் வகை) மருந்து கொடுத்ததும் அந்தப் பிரிவுக் கத்தல் அடங்கியது. தனியாகக் கத்தும் கோழிக்குஞ்சைக் கைக்குள் பொத்தி வைத்தால் அதுவும் அடங்கிக் கண் மூடும். அதை வீட்டில் கோழி வளர்க்கிற எந்தக் கிழவிக்கும் தெரியும். ஒபியொயிட்டைத் தடுக்கும் மருந்து கொடுத்த குஞ்சு அப்படி அடங்கச் சுணங்கும் என்பதுதான் ஆய்வுகூடம் சேர்த்த செய்தி. கையின் சூடும் மூளையின் சொந்த ஒபியொயிட்டும் ஒரே வேலையைச் செய்கின்றன.

இனி நம் ஊர்ச் செத்தவீட்டை நினைத்துப் பாருங்கள். பாய் விரித்துப் பெண்கள் நெருங்கி இருப்பது, வருகிற ஒவ்வொருத்தியும் கட்டிப்பிடித்து அழுவது, ஒப்பாரி, எட்டுச் செலவு, அந்தியேட்டி. முஸ்லிம் ஊர்களில் மையித்து வீட்டுக்கு வரும் கூட்டம், பிறகு விதவைக்கு நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா என்ற காத்திருப்பு. இத்தாவில் பெண்ணைக் கட்டிப்போடுகிற பக்கமும் உண்டு, அது வேறு வாதம். துயரத்துக்கு ஆள் வேண்டும், தொடுகை வேண்டும், காலம் வேண்டும் என்று இவை எல்லாமே ஒத்துக்கொள்கின்றன. தனி அறையில் கதிரையில் இருத்திக் கண்ணை மூடச்சொல்லி நான்கு எண்ணும்வரை மூச்சை இழுக்கச் சொல்வது இதற்கு நேரெதிர்த் திசையில் போகிறது. மூச்சுப் பயிற்சியை நான் குறைசொல்லவில்லை. இடி இடித்தால் கட்டிலுக்குக் கீழே போகிற ஆளுக்கு அது உதவுகிறது. மகன் வராத தாய்க்கு அதில் என்ன இருக்கிறது?

இந்த இடத்தில்தான் பிராய்டை வகுப்புக்குள் கூப்பிட வேண்டும். பனிப்பாறைப் படத்தோடு வேண்டாம், 1917இல் அவர் வெளியிட்ட துக்கம் பற்றிய கட்டுரையோடு கூப்பிடுங்கள். துக்கம் என்பது ஒரு வேலை என்கிறார் அவர். நேசித்த ஆள் இனி இல்லை என்று யதார்த்தம் தீர்ப்புச் சொல்கிறது. மனம் அதை ஏற்க மறுக்கிறது. அந்த ஆளோடு கட்டிய ஒவ்வொரு நினைவையும் ஒவ்வொரு எதிர்பார்ப்பையும் ஒன்றொன்றாக எடுத்து அவிழ்க்க வேண்டியிருக்கிறது, அதற்கு நீண்ட காலமும் மிகுந்த சக்தியும் போகிறது. பின்னால் வந்த ஜோன் போல்பி, தானும் ஓர் உளப்பகுப்பாய்வாளராக இருந்துகொண்டே விலங்கு நடத்தை ஆய்வுகளைக் கொண்டுவந்து இதோடு சேர்த்தார். தாயைப் பிரிந்த பிள்ளை முதலில் எதிர்த்து அழும், பிறகு நம்பிக்கை இழந்து ஓயும், அதற்கும் பிறகு ஒட்டாமல் விலகிவிடும் என்றார். அவருடைய சக உளப்பகுப்பாய்வாளர்களே அவரை விலக்கிப் பார்த்தார்கள். பிறகு பாங்க்செப் கினிப் பன்றியின் நடுமூளையிலிருந்து சிங்குலேட் புறணி என்ற மேற்பகுதி வரை தேடி வரைந்த தடமும் இவர் பிள்ளைகளிடம் கண்ட அழுகையும் ஒன்றுக்கொன்று நன்றாகவே பொருந்துகின்றன.

சரி, யதார்த்தம் தீர்ப்பே சொல்லாவிட்டால்? 1990 செப்டெம்பரில் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த அகதி முகாமிலிருந்து ஆட்கள் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பி வரவில்லை. இந்த மடலை வாசிக்கும் உங்களில் சிலர் அந்த வளாகத்திலேயே படிப்பிக்கிறீர்கள். அவர்களுடைய தாய்மாரில் பலர் போய்விட்டார்கள். இருக்கிறவர்கள் இன்னும் கோப்போடு அலைகிறார்கள். 2016இல் வந்த சட்டத் திருத்தத்தால், மரணச் சான்றிதழ் எடுக்க விரும்பாத குடும்பம் ஆளைக் காணவில்லை என்று பதியும் சான்றிதழ் ஒன்றை எடுக்கலாம். அரசாங்கக் கடதாசியே இரண்டு வகையாகிவிட்ட இடத்தில் மனம் மட்டும் எப்படி ஒரு முடிவுக்கு வரும்? பிராய்டின் கண்ணால் பார்த்தால் துக்க வேலை தொடங்கவே இல்லை. பாங்க்செப்பின் கண்ணால் பார்த்தால் பிரிவுத் துயரமும் தேடல் அமைப்பும் ஒன்றையொன்று விடாமல் எரியவைத்துக்கொண்டிருக்கின்றன. இந்த இரண்டையும் சேர்த்துப் படித்த ஒரு மாணவி, அந்தத் தாயிடம் ‘ஏற்றுக்கொள்ளுங்கள் அம்மா’ என்று சொல்லவே மாட்டாள். தேடலை நிறுத்தச் சொன்னால் அந்தத் தாய்க்கு அது பிள்ளையைத் தன் கையால் புதைக்கச் சொன்னது போலிருக்கும் என்று அவளுக்கு விளங்கும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. நம் ஊரில் இந்த வேலையைச் செய்ய ஏற்கெனவே ஓர் இடம் இருக்கிறது. யுத்த காலத்தில் காணாமல் போனவர்களைப் பற்றி அம்மன் கோயில் சடங்குகளில் உரு ஆடுபவர்களிடம் வாக்குக் கேட்கப் போன தாய்மாரைப் பற்றி பற்றீசியா லோறன்ஸ் என்ற மானிடவியலாளர் மட்டக்களப்பில் இருந்து எழுதியிருக்கிறார். காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசிச் சடங்கில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுகிறோம். புருஷனைப் பறிகொடுத்தவளின் துயரம் சினமாகி ஒரு நகரத்தையே எரித்தபிறகு, அவளைக் குளிர்விக்க ஊரே கூடுகிறது. துயரத்தின் அடியில் சினம் இருக்கிறது, சினத்துக்கு முதலில் இடம் கொடுத்துத்தான் ஆற்ற வேண்டும் என்பதை நமது பயிற்சிக் கையேடுகள் எதிலும் நான் இவ்வளவு தெளிவாகப் பார்த்ததில்லை. இந்தத் தெய்வ வழிபாட்டை உளப்பகுப்பாய்வுக் கண்ணால் படித்து 1984இல் பெரிய நூல் எழுதிய மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர நம் நாட்டவர்தான். அவர் பெயர் உங்கள் பாடத்திட்டத்தில் இருக்கிறதா?

சினத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் குற்ற உணர்வையும் தொடுகிறேன். 2004 டிசம்பர் 26 சுனாமியில், இலங்கையில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். ‘என் கையிலிருந்துதான் பிள்ளை நழுவினது’ என்று இன்றைக்கும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். ‘அது உங்கள் பிழை இல்லை’ என்று நாம் உடனே சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், ஆனால் அதனால் ஒன்றும் மாறுவதில்லை. இழந்தவர் மீது எழும் சினம் போக வழியில்லாமல் தன்மீதே திரும்புகிறது என்று அதே 1917 கட்டுரையில் பிராய்ட் எழுதியது இந்த இடத்தில் உதவும். கடலில் கோபம், முதல் நாள் வாய்க்கு வாய் காட்டிய பிள்ளையில் கோபம், ஓடித் தப்பிய புருஷனில் கோபம். இவற்றையெல்லாம் சொல்ல வெட்கம். அந்தக் கோபத்தைக் கேட்கப் பயப்படாத ஓர் ஆள் எதிரில் இருந்தால்தான் அது வெளியே வரும்.

இன்னொரு பிரிவு நம் கண்முன்னால் நடக்கிறது, அதற்குப் படிவத்தில் கட்டமே இல்லை. கட்டாருக்கும் குவைத்துக்கும் சவூதிக்கும் வேலைக்குப் போன தாய்மாரின் பிள்ளைகள். பாடசாலை ‘படிப்பில் கவனமில்லை, குழப்படி’ என்று அனுப்புகிறது. அம்மம்மாவோ ‘நல்லாத்தான் சாப்பிடுகிறான்’ என்கிறார். தாய் லீவில் வந்தபோது பிள்ளை கிட்டவே போகவில்லை என்பதை யாரும் ஒரு வருத்தமாக எடுப்பதில்லை. போல்பி சொன்ன மூன்றாவது நிலை அதுதான். அடம்பிடித்து அழுகிற பிள்ளையைவிட, அம்மா போன் எடுத்தால் ‘பிறகு கதைக்கிறேன்’ என்று சொல்லும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை.

அடுத்தது நினைவு. சுனாமியின்போது கைக்குழந்தையாக இருந்தவர்கள் இன்று இருபது தாண்டியவர்கள். ‘எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை, ஆனால் கடல் இரைச்சல் கேட்டால் கை கால் குளிர்கிறது’ என்று அப்படி ஒருவர் சொன்னால், நம் மாணவர்கள் ‘பெற்றோர் சொல்லக் கேட்டிருப்பார்’ என்று எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் 1911இல் எட்வார் கிளாபரேட் என்ற சுவிஸ் வைத்தியர் எழுதிய ஒரு சம்பவத்தை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். புதிய நினைவு எதுவும் தங்காத ஒரு நோயாளிப் பெண்ணோடு கைகுலுக்கும்போது அவர் தன் விரல்களுக்கிடையில் ஓர் ஊசியை மறைத்து வைத்துக் குத்தினார். பிறகு கை நீட்டியபோது அவள் கையை இழுத்துக்கொண்டாள். ஏன் என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, ஊசி குத்தியது நினைவில் இல்லை. கதையாகச் சொல்லும் நினைவுக்கு ஹிப்போகம்பஸ் என்ற மூளைப் பகுதி வேண்டும், அது குழந்தைக்கு மெதுவாகத்தான் முதிர்கிறது. உடம்பு கற்கும் பயத்துக்கு அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. ஆள் நினைவுகூராமல் திரும்பத் திரும்ப நடத்திக் காட்டுகிறார் என்று பிராய்ட் 1914இல் எழுதியதும் இதுவும் பக்கத்துப் பக்கத்து வீடுகள்.

அப்படி நடத்திக் காட்டுவது எங்கே? நம் முன்னால்தான், நம் அறையில்தான். பலரைச் சேர்த்து ஒருவராக்கிச் சொல்கிறேன், இது எந்தத் தனி ஆளின் கதையும் இல்லை. ஓர் அம்மா வருகிறார். மாதர் சங்கத்தில் பொறுப்பு, தையல், கோயில் வேலை, ஒரு நிமிடம் சும்மா இருக்கமாட்டார். ‘எனக்கென்ன மிஸ், ஒண்டுமில்ல. முதுகு மட்டும்தான் நோகுது’ என்பார். நாம் இரண்டு கிழமை லீவு எடுத்துத் திரும்பி வந்தால் முகம் கொடுத்துக் கதைக்கமாட்டார், அடுத்த தடவை வரவும்மாட்டார். ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று கோப்பு மூடப்படும். அவர் செய்தது, விட்டுவிட்டுப் போனவரோடு செய்யமுடியாததை நம்மோடு செய்ததுதான். அவர் வரும் நாளில் நமக்கு முன்கூட்டியே ஒரு சோர்வு வருகிறதே, அதுவும் தகவல்தான். உளப்பகுப்பாய்வு நமக்குத் தந்த மிகப் பெரிய கருவி இது, நமது பாடத்திட்டத்தில் அது ஒரு வரைவிலக்கணமாக மட்டும் கிடக்கிறது.

நரம்பியல் இதற்கு ஒரு காரணத்தைச் சேர்க்கிறது. கரீம் நாடர், ஜோசப் லெடூ, இன்னொருவர் ஆகிய நரம்பியலாளர்கள் 2000இல் எலிகளில் காட்டியது: பதிந்துபோன பய நினைவு, திரும்ப எழுப்பப்படும்போது சிறிது நேரத்துக்கு இளகுகிறது, அந்த நேரத்தில் அது மாற்றத்துக்கு உள்ளாகலாம். மனிதரில் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது இன்னும் விவாதத்தில் இருக்கிறது, அதையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆனால் உணர்ச்சி எழும்பாத இடத்தில் ஆலோசனை சொல்லிப் பயனில்லை என்பது சிகிச்சையாளர்களுக்கு முன்பே பழகிய விடயம். எழும்ப வேண்டுமென்றால் அதே ஆள், அதே அறை, அதே நேரம், பல மாதங்கள் வேண்டும். மூன்று அமர்வில் முடித்து அறிக்கை அனுப்பச் சொல்லும் திட்டத்தில் எதுவும் எழும்ப நேரமில்லை. எழும்பினால் அதைத் தாங்க ஆளில்லை, உத்தியோகத்தர் இடமாற்றத்தில் போயிருப்பார். அனர்த்தத்துக்குப் பிறகு ஒரே அமர்வில் நடந்ததையெல்லாம் சொல்லவைப்பது பயன்தரவில்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யலாம் என்பது சுனாமிக்கு முன்பே ஆய்வுத் தொகுப்புகளில் வந்துவிட்டது. இருந்தும் சுனாமிக்குப் பிறகு நம் கரைகளில் அதேதான் நடந்தது என்று உங்களுக்குத் தெரியும்.

இந்த இடத்தில் உங்களில் சிலர், ‘பிராய்ட் பழசு, மூளைதான் அறிவியல்’ என்பீர்கள். பிராய்டே மீனின் நரம்புக் கலங்களை நுணுக்குக்காட்டியில் பார்த்துத் தொடங்கிய நரம்பு வைத்தியர். 1895இல் மனதை நரம்புக் கலங்களால் விளக்க ஒரு நீண்ட வரைவு எழுதி, அந்தக் காலத்து அறிவு போதாது என்று விட்டுவிட்டார், அது அவர் இறந்தபிறகு 1950இல்தான் அச்சேறியது. நினைவின் உயிரியலுக்காக 2000இல் நோபல் பரிசு வாங்கிய எரிக் காண்டல், உளப்பகுப்பாய்வாளராக வர ஆசைப்பட்டு வைத்தியம் படித்தவர். உளப்பகுப்பாய்வு உயிரியலோடு சேராவிட்டால் அதற்கு எதிர்காலமில்லை என்ற பொருளில் அதற்கு முந்திய ஆண்டுகளில் எழுதினார். மார்க் சோல்ம்ஸ் என்ற தென்னாபிரிக்கர் மூளையில் காயம்பட்டவர்களிடம் கனவுகளைப் பற்றிக் கேட்டே இந்த இரண்டு துறைகளையும் சேர்க்கும் வேலையைத் தொடங்கினார். இது நமக்கு வெகு தூரத்து விடயமும் இல்லை. எடித் லுடோவைக் என்ற ஹங்கேரியப் பெண் உளப்பகுப்பாய்வாளர் 1930களின் முடிவில் இலங்கைக்கு வந்து 1956 வரை கொழும்பில் இருந்தார். அந்த விதை கிழக்குக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

மற்றப் பக்கத்துக்கும் ஒரு எச்சரிக்கை. மூளைப் படத்துக்கு ஒரு மயக்கும் சக்தி உண்டு. ‘அமிக்டலாதான் பயத்தின் மையம்’ என்பதை அதே லெடூ இப்போது அப்படிச் சொல்வதில்லை. ஆபத்துக்கு உடம்பு காட்டும் எதிர்வினை வேறு, பயம் என்று நாம் உணர்வது வேறு என்கிறார். இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்த ஒரு பெண்ணைப் பற்றி ஆய்வுலகம் நன்றாக அறியும். பாம்புக்கும் சிலந்திக்கும் பயப்படாத அவர், கரியமில வாயு கலந்த காற்றைச் சுவாசித்தபோது கடும் பீதி அடைந்தார் என்று 2013இல் வெளியானது. பாங்க்செப்பின் ஏழு அமைப்புகளையும் எல்லோரும் ஏற்கவில்லை. உணர்ச்சிகள் பிறவியிலேயே வார்த்து வைத்தவை அல்ல, மூளை அனுபவத்திலிருந்து கட்டுபவை என்று லீசா ஃபெல்ட்மன் பாரெட் என்ற உளவியலாளர் வாதிடுகிறார். உளப்பகுப்பாய்வாளர்களிலும், மூளையைப் பார்த்து மனதின் பொருளைப் படிக்க முடியாது என்று 2007இல் கடுமையாக எழுதியவர்கள் உண்டு. இந்தச் சண்டைகளையும் வகுப்புக்குக் கொண்டுவாருங்கள். மாணவர்கள் குழம்பிவிடுவார்கள் என்ற பயம் வேண்டாம். களத்தில் அவர்கள் இதைவிடக் குழம்பத்தான் போகிறார்கள்.

பிராய்டிலும் வடிகட்ட வேண்டியது இருக்கிறது. அவருடைய குடும்பம் வியன்னாவின் தகப்பன் வீடு. இங்கே வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார், பிள்ளை அம்மம்மாவின் மடியிலும் சின்னம்மாவின் இடுப்பிலும் வளர்கிறது. தாய் ஒருத்தியோடு மட்டும் உள்ள பிணைப்பை அளக்கும் அளவுகோலை அப்படியே இங்கே வைத்தால் தப்பாகத்தான் வாசிக்கும். நம் வீடுகளை யார் இப்படிக் கவனித்து எழுதியிருக்கிறார்கள்?

அதனால் நான் முதலில் கேட்பது ஒரு புதிய பாடநூலை அல்ல. 1948இல் லண்டனில் எஸ்தர் பிக் என்ற உளப்பகுப்பாய்வாளர் தொடங்கிய ஒரு பழக்கம் இருக்கிறது. பயிற்சி பெறுபவர் புதிதாகப் பிறந்த குழந்தை உள்ள வீட்டுக்குக் கிழமைக்கு ஒருமுறை போய் ஒரு மணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஆலோசனை சொல்லக்கூடாது, அங்கே வைத்துக் குறிப்பும் எடுக்கக்கூடாது. வீட்டுக்குப் போய் எழுதி, சிறு குழுவில் வாசித்துப் பேச வேண்டும். வழக்கமாக இரண்டு வருடம். குடும்பநல உத்தியோகத்தரான மருத்துவமாது ஒருவர் அறிமுகப்படுத்திவிட்டால், ஏறாவூரிலும் களுவாஞ்சிக்குடியிலும் அக்கரைப்பற்றிலும் குடும்பங்களின் சம்மதத்தோடு இதைச் செய்யலாம். செலவு பஸ் காசுதான். பிரிவுத் துயரம் என்றால் என்ன, பராமரிப்பு என்றால் என்ன என்பதை ஒரு திரைப் படமும் இப்படிக் காட்டாது. அந்தக் குழுவில் நரம்பியல் தெரிந்த ஒரு வைத்தியரும் உளப்பகுப்பாய்வு தெரிந்த ஒருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும். நேரில் வர ஆளில்லாவிட்டால் சூமில் வரட்டும்.

பணம் கொடுப்பவர்களிடமும் ஒரு வார்த்தை. புதிய செயலமர்வுகளுக்கு ஒதுக்கும் காசில் ஒரு பங்கை, ஏற்கெனவே வேலை செய்கிறவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை மேற்பார்வைக்காக ஒதுக்குங்கள். எத்தனை பயனாளிகள் என்ற எண்ணிக்கையோடு, ஒரே உளவளத்துணையாளரிடம் ஆறு மாதத்துக்கு மேல் வந்தவர்கள் எத்தனை பேர் என்ற ஒரு நிரலையும் அறிக்கைப் படிவத்தில் சேர்த்தால், திட்டங்கள் தாமாகவே வேறு மாதிரி எழுதப்படும்.

அடுத்த டிப்ளோமா அணிக்கான பாடத்திட்டத்தைத் திருத்த உட்காரும்போது, கிராமங்களில் வேலை செய்யும் உளவளத்துணையாளர்களில் இரண்டு மூன்று பேரையாவது மேசைக்கு அழையுங்கள். அமைப்பின் தலைவர்களை அல்ல, கோப்புத் தூக்கிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போகிறவர்களை. அழைத்தால் நானும் வருவேன்.

இப்படிக்கு,
மட்டக்களப்பிலிருந்து ஓர் உளவளத்துணையாளர்